கண்ணாடிப் புனிதருக்குக் கீழே யார் பெயர்?

ஆசிரியருக்கு வணக்கம்.

தேவாலய வண்ணக் கண்ணாடிகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். அயர்லாந்துக் கலைஞர் ஹாரி கிளார்க்கைப் பற்றித் தமிழில் படிக்கக் கிடைப்பதே அபூர்வம். ஆனால் கட்டுரை கண்ணாடியின் அழகோடு நின்றுவிட்டது. இந்த ஜன்னல்களில் பல, இறந்தவர் நினைவாகக் குடும்பத்தார் வைத்தவை. யாருக்காக என்று சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

கார்க் கவுண்டியில் காசில்டவுன்ஷெண்ட் என்ற கடலோரச் சிற்றூரின் புனித பாரஹேன் ஆலயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 52 படி ஏறிப் போக வேண்டும். அங்கே கிளார்க்கின் ஜன்னல்கள் மூன்று. நிறப் படலம் ஏற்றிய கண்ணாடியை அமிலத்தால் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து, ஒரே துண்டில் கருநீலத்திலிருந்து வெளிர்நீலம் வரை வரவழைப்பது அவர் கைவண்ணம். கிட்டப் போய்ப் பார்த்தால் துணி மடிப்பில்கூட அந்த வேலை தெரியும்.

ஒரு ஜன்னலில், ஓவியர் எகர்ட்டன் காக்ஹில் நினைவாக, ஓவியர்களின் பாதுகாவலரான புனித லூக்கா. சரி, பொருத்தம்தான். இன்னொன்றில், கர்னல் கெண்டல் காக்ஹில் நினைவாக, பிரான்ஸ் அரசர் புனித லூயியும் புனித மார்ட்டினும். அங்கேதான் எனக்கு மனம் உறுத்துகிறது. குளிரில் நடுங்கிய ஏழைக்குத் தன் மேலங்கியை வாளால் பாதியாக வெட்டிக் கொடுத்த ரோமானிய வீரர் மார்ட்டின். பிறகு, இனிச் சண்டையிட மாட்டேன் என்று படையை விட்டே விலகியவர். கெண்டல் காக்ஹிலோ 1857-ல் டெல்லியை முற்றுகையிட்ட ஆங்கிலேயப் படையில் இளம் அதிகாரி. நகரம் விழுந்த பின் அங்கே நடந்த கொள்ளையும் கொலையும் நாம் அறிந்ததே.

பாசமுள்ள உறவினரை நினைத்துக் குடும்பத்தார் புனிதரைத் தேர்ந்ததில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தமிழ் வாசகருக்கு எழுதும்போது அந்த டெல்லியையும் சொல்ல வேண்டாமா? சென்னைக் கோட்டையின் புனித மேரி ஆலயத்திலும் கதீட்ரல் சாலையின் புனித ஜார்ஜ் பேராலயத்திலும் ஆங்கிலேய அதிகாரிகளின் நினைவுச் சின்னங்கள் நிறைய உண்டு. அவற்றையும் சிற்ப வேலைக்காக மட்டும் பாராட்டிவிட்டுப் போகிறோம்.

இனி இப்படிப் படங்கள் வெளியிடும்போது, யார் நினைவாக, அவர் என்னவாக இருந்தார் என்று படத்தின் கீழே ஒரு வரி சேருங்கள்.

— ஒரு வாசகர்,
கார்க், அயர்லாந்து