நாலு நோ-டிரம்ப் கேட்பதற்கு முன்னால்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் பிரிட்ஜ் சீட்டாட்டப் பகுதியில் ஸ்லாம் ஏலத்தை (பதின்மூன்று டிரிக்கில், அதாவது சுற்றில், பன்னிரண்டோ எல்லாமோ எடுப்பதாகச் சொல்வது) பற்றி எழுதியவர், நாலு நோ-டிரம்ப் (துருப்பு இல்லாத ஏலம்) சொல்லிப் பார்ட்னரிடம் எத்தனை ஏஸ் என்று கேட்பதையே முதல் பாடமாக வைத்துவிட்டார். பதில்களைச் சரியாகத்தான் கொடுத்திருக்கிறார்: ஐந்து கிளப் என்றால் ஏஸ் இல்லை அல்லது நாலும் உண்டு, டைமண்ட் ஒன்று, ஹார்ட் இரண்டு, ஸ்பேட் மூன்று. ஈஸ்லி பிளாக்வுட் 1933-ல் யோசித்த முறை, இன்றைக்கும் ஆடுகிறோம். ஆனால் எப்போது கேட்கக் கூடாது என்று ஒரு வரிகூட இல்லையே!

நம் கையில் ஹார்ட் இரண்டே சின்னச் சீட்டு என்று வையுங்கள், துருப்பு ஸ்பேட் என்று முடிவாகிவிட்டது. ஏஸ் கேட்கிறோம், கூட்டிப் பார்த்தால் மூன்று இருக்கிறது, ஒன்றுதானே குறைகிறது என்று ஆறு ஸ்பேடுக்கு (பன்னிரண்டு டிரிக், ஒன்றுதான் விடலாம்) தாவுகிறோம். குறைகிற ஏஸ் ஹார்ட்டாக இருந்து, அந்தக் கிங்கும் எதிரணியிடம் இருந்தால் முதல் இரண்டு டிரிக்கிலேயே கதை முடிந்தது. எத்தனை ஏஸ் என்றுதான் பதில் வரும், எந்த ஏஸ் என்று வராது. ஒரு சூட்டில் சீட்டே இல்லாத கைக்கும் இதே தொல்லைதான், பார்ட்னர் காட்டும் ஏஸ் அந்தச் சூட்டிலேயே இருந்தால் அதனால் பெரிய லாபமில்லை.

இதற்குத்தானே கியூ-பிட் இருக்கிறது, ஒரு சூட்டில் கன்ட்ரோல், அதாவது ஏஸோ கிங்கோ, இருப்பதை அந்தச் சூட்டையே ஏலம் சொல்லிக் காட்டுவது. ஒரு ஸ்பேட், மூன்று ஸ்பேட், அப்புறம் நாலு கிளப், நாலு டைமண்ட் என்று ஆளுக்கொரு கன்ட்ரோலைக் காட்டி வந்து, ஏலம் திறந்தவர் ஹார்ட்டைத் தாண்டி நாலு ஸ்பேட் சொன்னால் அவரிடம் ஹார்ட்டில் ஏஸோ கிங்கோ இல்லை என்று அர்த்தம். பார்ட்னரிடமும் இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடலாம். எல்லாச் சூட்டுக்கும் காவல் உண்டு என்று தெரிந்த பிறகு ஏஸ் கேளுங்கள், யார் வேண்டாம் என்றது.

துருப்பு, ஏலத்தில் மிகக் கீழான கிளப் என்றால் இன்னும் மோசம். இரண்டு ஏஸாவது வேண்டும் என்று கேட்டு, ஐந்து டைமண்ட் என்று பதில் வந்தால் ஐந்து கிளப்பில் நிற்க வழியே இல்லை, பதில் அதைத் தாண்டிவிட்டது. ஏஸோடு துருப்பு கிங்கையும் சேர்த்து எண்ணும் கீ-கார்டு முறையில் துருப்பு கிங்கும் ராணியும் தெரியவரும், நல்ல முன்னேற்றம்தான், ஆனால் எந்த ஏஸ் என்று தெரியாததும், பதில் தாண்டிப்போவதும் அதிலும் அப்படியேதான்.

ஒன்று மட்டும் அவர் பக்கம் நின்று சொல்கிறேன், ஸ்லாம் என்றாலே பயப்படுகிறவர்களும் நம்மில் அதிகம். வல்னரபிள் (போனஸும் அபராதமும் கூடும் நிலை) இல்லாதபோது ஆறு ஸ்பேட் ஆடி ஜெயித்தால் 980, அதே பன்னிரண்டு டிரிக்கை நாலு ஸ்பேடில் எடுத்தால் 480. ஒன்று குறைந்து தோற்றால் போவது நாலு ஸ்பேடில் கிடைத்திருக்கும் 450-ம் அபராதம் 50-ம். லாபமும் நஷ்டமும் சரிக்குச் சரி 500, ஆகவே பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்தாலே போடலாம். பதின்மூன்று டிரிக்கும் எடுக்க வேண்டிய ஏழுக்கு இந்தக் கணக்கு செல்லாது, அதற்கு மூன்றில் இரண்டு பங்காவது வேண்டும்.

அடுத்த பகுதியில் கியூ-பிட்டை எழுதச் சொல்லுங்கள். ஒரு நோ-டிரம்புக்கு மேலே நேராக நாலு நோ-டிரம்ப் வந்தால் அது ஏஸ் கேள்வியே இல்லை, உச்சப் பாயின்ட் (பெரிய சீட்டுகளின் மதிப்பு) இருந்தால் ஆறுக்கு வா என்ற அழைப்பு என்பதையும் சேர்த்து எழுதினால் புதிதாக ஆடுபவர்களுக்கு உதவும். அங்கே ஏஸ் கேட்க ஜெர்பர் என்பவர் வகுத்த நாலு கிளப் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்