கூலர்ல கை வைக்கறதுக்கு முன்னாடி

ஆசிரியருக்கு வணக்கம். மே மாசம் வந்தா டெல்லில பால்கனிக்கு பால்கனி தகர கூலர்தான், 45 டிகிரி வெயில்ல அது இல்லாம முடியாது, ஆனா அதுக்கு எர்த் இருக்கான்னு யாரும் பார்க்கறதில்லை. தண்ணிக்குள்ளயே பம்ப் ஓடுது, ஒயர் கொஞ்சம் உரிஞ்சிருந்தாலும் கூலர் பாடி முழுக்க கரண்ட் வந்துடும், குழந்தைங்க வெறுங்காலோட ஈரத்தரைல நின்னு அதைத்தான் தொடும். பக்கத்து வீட்டு மாமி ஓடற கூலர்லயே பக்கெட்டால தண்ணி ஊத்தறாங்க, சொன்னா சிரிக்கறாங்க! ப்ளக்கை உருவிட்டு ஊத்தினா என்ன குறைஞ்சு போகுது? மெயின் போர்டுல 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி.ங்கற பாதுகாப்பு ஸ்விட்ச் இருந்தா கரண்ட் லீக் ஆனதும் ட்ரிப் ஆகி சப்ளையை நிறுத்திடும், வாடகை வீடுன்னா ஓனரை விடாம கேளுங்க. அப்புறம் வாராவாரம் தொட்டியை காலி பண்ணி நல்லா தேய்க்கணும், டெங்கு கொசு முட்டை பக்கவாட்டுல ஒட்டிக்கிட்டு இருக்கும், தண்ணிய மட்டும் மாத்தினா போகாது.

- ஒரு வாசகி, மயூர் விஹார், டெல்லி