பழைய பாணி ஆக்சிலரேட்டர் பெடல் கிட் தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஹாட் ராட், அதாவது பழைய காரை வேகத்துக்காக மாற்றிக் கட்டிய வண்டி, கட்டுபவர்களுக்காகப் பழைய பாணிப் பெடலும், அதைக் கார்புரேட்டரோடு (எஞ்சினுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் பாகம்) இணைக்கும் கம்பிகளும் தயாரித்து விற்கும் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். எனக்குக் கிட் விற்றவர்களுக்கு ஆங்கிலத்தில் தனியாகவும் எழுதிவிட்டேன். இதைத் தமிழில் எழுதக் காரணம் இருக்கிறது. கராஜில் ஒரு பழைய ஃபோர்டைப் பிரித்துப் போட்டு, ராத்திரி சாப்பாட்டை மறந்து அதன் கீழே படுத்துக் கிடக்கும் தமிழர்கள் எனக்கே நாலைந்து பேரைத் தெரியும். அவர்களும் படிக்கட்டும்.

நான் கேட்பது மூன்றே பொருள்கள். பெடல் எந்த இடத்தோடு நிற்க வேண்டும் என்று நிறுத்தும் ஒரு ஸ்டாப்பர், கார்புரேட்டரைத் திறந்து மூடும் கைக்கு, அதை மூட இழுக்கும் இரண்டாவது ஸ்பிரிங், அளவு போட்ட ஒரு படம். இவற்றைப் பெட்டிக்குள் வையுங்கள்.

என்னுடையது 1931 ஃபோர்டு மாடல் ஏ கூப்பே, இரண்டு கதவு வண்டி. அதில் 239 கன அங்குல ஃப்ளாட்ஹெட் வி8 எஞ்சின் இறக்கி, மேலே இரண்டு ஸ்ட்ராம்பெர்க் 97 கார்புரேட்டர்கள் வைத்திருக்கிறேன். உங்களில் ஒருவரிடம் வாங்கிய கரண்டி வடிவப் பெடல் அழகாகவே இருந்தது. வார்ப்பில் குறையில்லை, மெருகிலும் குறையில்லை. பெட்டியில் பெடல், ஒரு பெல் கிராங்க் (ஒரு கம்பியின் இழுப்பைத் திருப்பி இன்னொரு கம்பிக்குக் கொடுக்கும், நடுவில் சுழலும் துண்டு), இரண்டு கம்பி, நாலு பால் ஜாயின்ட், ஒரே ஒரு ஸ்பிரிங். மாட்டும் விதம் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கார்புரேட்டருக்குள் இருக்கும் தகடு, அதாவது திராட்டில், திறக்கும் விதம் உங்களுக்குத் தெரியாததல்ல. முதல் கொஞ்சம் திறப்பிலேயே காற்று மளமளவென்று ஏறிவிடும், கடைசிப் பாதியில் பெரிய வித்தியாசம் இருக்காது. இரண்டு கார்புரேட்டரும் ஒன்றாகத் திறந்தால் இது இன்னும் மோசம். பெடலில் கால் பட்டாலே வண்டி குதிக்கும். நானும் அப்படிக் குதித்துக் குதித்துத்தான் தெருமுனை வரை போனேன். திறப்பு மெதுவாக இருக்கட்டும் என்று பெல் கிராங்கில் கம்பியை உள்பக்கத்துத் துளைக்கு மாற்றினேன். குதிப்பது நின்றது. நல்ல வேலை செய்துவிட்டோம் என்று நினைத்தேன்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஃப்ரீவேயில் சேரும் ஏற்றத்தில் முதல் முறையாகப் பெடலைத் தரையோடு மிதித்தேன். பக்கத்தில் என் மகள், மடியில் காபி ஃப்ளாஸ்க். வேகம் போதும் என்று காலை எடுத்தேன். வண்டி அடங்கவில்லை. பெடல் மேலே எழவே இல்லை. கிளட்ச்சை மிதித்தேன், எஞ்சின் அலறியது. முன்னால் ஒரு லாரியின் பின்பக்கம் நெருங்கி வந்துகொண்டிருந்தது. இக்னிஷன் சுவிட்சை அணைத்து, பிரேக்கை மிதித்து, ஓரங்கட்டினேன். "அப்பா, என்னாச்சு?" என்றாள். ஃப்ளாஸ்க்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

ஓரமாக நின்று தரைப் பலகையைத் தூக்கிப் பார்த்தபோது காரணம் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. பெல் கிராங்கின் கையும் கம்பியும் ஒரே நேர்கோட்டுக்கு வந்து, அதையும் ஒரு நூல் தாண்டிப் போயிருந்தன. சைக்கிள் மிதி நேர் மேலே நிற்கும்போது அதை எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் சுற்றாது. அதேதான் இங்கேயும். நேர்கோட்டில் ஸ்பிரிங்கின் இழுப்பு பெல் கிராங்கைத் திருப்பாது. கோட்டைத் தாண்டிவிட்டால், மூட வேண்டிய அதே ஸ்பிரிங் திறந்தபடியே பிடித்து வைத்துக்கொள்ளும். ஸ்பிரிங் எவ்வளவு பலமோ, பிடியும் அவ்வளவு பலம். விரலால் தட்டினேன், 'டக்' என்று மூடிக்கொண்டது.

துளையை மாற்றியவன் நான்தான். ஆனால் அந்தத் துளையைப் போட்டுக் கொடுத்தது நீங்கள். அதில் மாட்டினால் பெடலை எவ்வளவு தூரம்தான் விடலாம் என்று சொல்ல வேண்டியவர்களும் நீங்கள். பெடலுக்கு அடியில் ரப்பர் நுனி வைத்த ஒரு போல்ட்டும் லாக் நட்டும் இருந்திருந்தால் பெல் கிராங்க் அந்தக் கோட்டுக்கு வந்தே இருக்காது. இன்று என் வண்டியில் அதை நானே போட்டிருக்கிறேன். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் பானட்டைத் திறந்து கார்புரேட்டர் கை முழுத் திறப்புக்கு வந்ததா என்று பார்க்க வேண்டும். வந்த இடத்தில் போல்ட் பெடலைத் தாங்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஓட்டுபவரின் கால் பலம் முழுவதும் கார்புரேட்டரின் மெல்லிய ஷாஃப்ட்டின் மேல் போய் விழும், நாளடைவில் அது முறுக்கிக்கொள்ளும்.

இது புதிதாக யாரும் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம் இல்லை. நேர்பாதையில் வண்டிகள் வேகம் காட்டும் 'டிராக்' (drag) பந்தயங்களை அமெரிக்காவில் நடத்தும் என்.எச்.ஆர்.ஏ. அமைப்பு 1951-இல் தொடங்கியது. அதன் விதிகளைப் பாருங்கள். ஸ்பிரிங் நேராகக் கார்புரேட்டர் கையிலேயே மாட்டியிருக்க வேண்டும். கம்பி நேர்கோட்டைத் தாண்டாமல் தடுக்க ஸ்டாப்பர் வேண்டும். மாற்றிக் கட்டிய கம்பி இணைப்பு என்றால், ஸ்பிரிங் போக, காலாலேயே பெடலை மேலே இழுத்து மூட ஒரு வழியும் வேண்டும். அன்றைக்கு என் பெடலில் கால்விரலை நுழைத்துத் தூக்க ஒரு வளையம் இருந்திருந்தால் அரை விநாடியில் முடிந்திருக்கும். கால் மைல் நேராக ஓடி நிற்கும் வண்டிக்கு இத்தனை கேட்கிறார்கள். குழந்தையை உட்கார வைத்து ஃப்ரீவேயில் போகும் வண்டிக்கு நீங்கள் கொடுத்தது ஒரு ஸ்பிரிங்.

அந்த ஸ்பிரிங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1973 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் 124-ஆம் எண் பாதுகாப்பு விதி, புதுக் கார்களில் திராட்டிலை மூட ஒன்றுக்கு இரண்டு ஏற்பாடு கேட்கிறது. ஒன்று அறுந்தாலும் மற்றது தனியாக மூட வேண்டும். காலை எடுத்தால் சாதாரணக் காரில் ஒரு விநாடிக்குள் திராட்டில் ஸ்லோ நிலைக்கு, அதாவது பெடலை மிதிக்காதபோது இருக்கும் நிலைக்கு, வர வேண்டும். அது முழு வண்டிக்கான விதி, தனியாக விற்கும் பெடல் கிட்டைக் கட்டுப்படுத்தாது. அதனால் உங்கள் மேல் சட்டப்படி குற்றம் சொல்ல வரவில்லை. ஐம்பது வருஷமாக எல்லாப் புதுக் காரிலும் இருக்கும் ஒரு காவல், ஆசையாகக் கையால் கட்டும் காரில் மட்டும் இல்லாமல் போவானேன்?

இரண்டு ஸ்பிரிங் என்றால் ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி ஒரே துளையில் கொக்கி போடுவது அல்ல. நண்பர் ஒருவரின் வண்டியில் அப்படித்தான் இருந்தது. கொக்கி உரசி உரசித் துளையின் ஓரம் பிளேடு மாதிரி தேய்ந்திருந்தது. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் இரண்டும் சேர்ந்தே கழன்றிருக்கும். துளைகள் தனித்தனியாக இருக்க வேண்டும். அதே சமயம், பயத்தில் முரட்டு ஸ்பிரிங்காகப் போட்டால் ஷாஃப்ட் சுழலும் வளையமான புஷ் ஒரு பக்கமாகத் தேய்ந்து, அந்த வழியாகக் காற்று புகுந்து, எஞ்சின் ஸ்லோவில் நிற்காது. எவ்வளவு பலம் சரி என்று செய்து பார்த்துச் சொல்லக்கூடிய வசதி உங்களிடம்தான் இருக்கிறது, எங்களிடம் இல்லை.

படத்தில் என்னென்ன வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் ரப்பர் மவுன்ட்டிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் அது பக்கவாட்டில் சாய்கிறது. பெடலோ பாடியில் இருக்கிறது, சாயாது. கடைசிக் கம்பி குறுக்காகப் போனால் எஞ்சின் சாயும்போது அதுவே திராட்டிலை இழுக்கும். முன்பின்னாகப் போனால் அந்தத் தொந்தரவு குறைவு. இதைப் படத்தில் ஒரு அம்புக்குறி சொல்லிவிடும். பெடலின் உயரமும் அப்படித்தான். பிரேக் பெடல் ஆக்சிலரேட்டரைவிடக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவில் ஷூ அகலத்துக்கு இடம் விட வேண்டும். மாடல் ஏயின் குறுகிய கால் இடத்தில் சீட்டை முதலில் வைத்து, ஓட்டும் ஷூவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, அட்டையில் வெட்டிப் பார்த்த பிறகுதான் தரையில் துளை போட வேண்டும். நான் துளையை முதலில் போட்டேன். ஷூவின் ஓரம் பிரேக் பெடலில் தட்டியதால் மறுபடி அடைத்து வெல்டு வைத்தேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன், இந்தப் பெடல்கள் மேல் எனக்கு ஆசை உண்டு. ஃபோர்டு மாடல் டியில் கீழே மூன்று பெடல் இருக்கும், அதில் ஒன்றுகூட ஆக்சிலரேட்டர் கிடையாது. வேகம் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த ஒரு கைப்பிடியில் இருந்தது. அப்படிப்பட்ட வண்டிகளைத்தான் அன்றைய பையன்கள் வெட்டி, எடை குறைத்து, கலிஃபோர்னியாவில் முராக் ஏரியின் காய்ந்த தரையில் ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு, வேக வண்டிகளுக்குப் பாகங்கள் செய்த டீன் மூன் என்பவர் மனிதப் பாத வடிவில் வார்த்த அலுமினியப் பெடல் வந்தது. ஐந்து விரலும் தெரியும் அந்தப் பெடலை இன்றும் எந்தக் கண்காட்சியிலும் குனிந்து பார்க்காமல் என்னால் நகர முடியாது. கேபிளும் புதுப் பெடலும் போட்டுவிட்டுப் போ என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. கம்பி இணைப்பில் எஞ்சினின் அசைவு உள்ளங்காலுக்கு வருகிறது, அதற்காகத்தான் இந்தக் காரையே கட்டினேன்.

என் வண்டியில் இப்போது இருக்கும் ஸ்டாப்பர், விரல் வளையம், இரண்டு ஸ்பிரிங்கின் இடம், பெல் கிராங்கின் கோணம் எல்லாவற்றையும் அளந்து ஒரு தாளில் வரைந்து வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் அனுப்புகிறேன், காசு வேண்டாம். உங்கள் பொறியாளர் அதில் தப்பு கண்டுபிடித்தால் திருத்தி அச்சிடுங்கள். அதுவரை, இருப்பில் உள்ள பெட்டிகளில் அந்த உள்பக்கத்துத் துளையையாவது அடைத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
1931 மாடல் ஏ கூப்பே வைத்திருக்கும் ஒருவன்