முட்டுக்கட்டை

அம்மாடி,

நேற்று போனில் நீ சொன்னதையே ராத்திரி நினைத்துக்கொண்டிருந்தேன். டீமில் எல்லோரும் ஓடிக்கொண்டிருக்கும்போது சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்க்கிற அந்த டெஸ்டிங் ஆள் மட்டும் எதற்கெடுத்தாலும் முட்டுக்கட்டை போடுகிறார் என்றாயே, அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ கோபத்தில் இருந்தாய், அதனால் அப்போது வாயைத் திறக்கவில்லை. உன் தாத்தா இருபது வருஷத்துக்கு மேல் நம்ம ஊர்த் தேருக்கு முட்டுக்கட்டை போட்டவர்.

தேர் என்றால் எல்லோருக்கும் வடம்தான் ஞாபகம் வரும். ஆனால் வடம் பிடிக்கிறவனுக்கு முன்னால் போகிறவன் முதுகைத் தவிர ஒன்றும் தெரியாது, தேர் அவனுக்குப் பின்னால் வருகிறது. தேருக்கு ஸ்டீயரிங்கும் கிடையாது. ஒரு பக்கச் சக்கரத்தில் கட்டையைக் கொடுத்தால் அந்தப் பக்கம் தயங்கும், மறுபக்கம் முன்னேறும், அப்படித்தான் தேர் திரும்புகிறது. திருவாரூர் ஆழித்தேரை எடுத்துக்கொள், 96 அடி உயரம், 300 டன் எடை என்பார்கள். திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தாயிற்று, பின்னால் புல்டோசர் நின்று தள்ளுகிறது, அப்புறமும் சக்கரத்தை ஒட்டிக் கட்டையோடு நடக்கிற ஆட்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

நான் காலேஜில் சேர்ந்த வருஷம் தெற்கு வீதி முக்கில் பையன்கள் உற்சாகத்தில் இழுத்த இழுப்பில், தாத்தா கத்தியது மேளச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை, அவர் போட்ட கட்டை பிளந்து, தேர் ஒரு வீட்டுத் திண்ணைத் தூணை உரசிக்கொண்டு நின்றது. விடிய விடிய சாமி வீதியிலேயே இருந்தார். இழுத்தவர்கள் எல்லாம் தாத்தாவைத்தான் திட்டினார்கள்.

அவர் மேலும் தப்பு இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கே கட்டை போடப்போகிறேன், எதற்குப் போடுகிறேன் என்று அவர் யாரிடமும் சொன்னதே இல்லை, எல்லாம் அவர் மனசுக்குள் இருக்கும். நின்ற தேரைக் கிளப்புவது எவ்வளவு பாடு என்று இழுத்தவனுக்குத்தான் தெரியும், காரணம் தெரியாமல் நாலு தடவை நிறுத்தினால் எவனுக்கும் எரிச்சல் வரத்தானே செய்யும். அடுத்த வருஷம் தேருக்கு முந்தின நாள் சாயங்காலம், வடத்தில் முதல் ஆளாக நிற்கிற நாலு பையன்களைக் கூட்டிக்கொண்டு நாலு வீதியும் நடந்தார், இந்தப் பள்ளத்தில் மெதுவா, இந்த முக்கில் விசில் கேட்டால் வடத்தைத் தளர விடு என்று ஒவ்வொரு இடமாகக் காட்டினார். தேர்த்தட்டில் ஒருத்தனைச் சிவப்புத் துண்டோடு நிற்க வைத்தார். டீ செலவு அவருடையது, அதற்குப் பாட்டி முனகியது தனிக் கதை.

உன் ஆள் ரிலீஸுக்கு முந்தின ராத்திரி வந்து நிறுத்துகிறார் என்கிறாய். சரி, அதற்கு முன்னால் நீங்கள் யாராவது அவரிடம் போய் உட்கார்ந்து, இதைத்தான் செய்யப்போகிறோம், எங்கே இடிக்கும் என்று கேட்டீர்களா? கேட்டும் அவர் வாயைத் திறக்கவில்லை என்றால் அப்போது திட்டு, நானும் சேர்ந்து திட்டுகிறேன்.

அம்மா பருப்புப்பொடி அனுப்பியிருக்கிறாள், வியாழக்கிழமை வந்துவிடும். பங்குனியில் லீவு கிடைத்தால் வா, இந்தத் தடவை வடத்துப் பக்கம் போகாமல் என்னோடு சக்கரத்துப் பக்கம் நடந்து பார்.

அப்பா