கடலைப் பற்றி நீ கேட்டது

தாராவி, மும்பை

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஹாஸ்டலுக்குப் போன முதல் வாரமே பெசன்ட் நகர் பீச்சுக்குப் போனாயாமே, சந்தோஷம். "மரைன் டிரைவில் அலை சுவரைத் தாண்டி அடிச்சா, நீ மட்டும் ஏம்மா என்னை இழுத்துக்கிட்டு வந்துடுவே?" என்று கேட்டாய். போனில் சொல்ல வாய் வரவில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்த நாள். எனக்கு 15 வயது. நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில் வீட்டுக்குப் பின்னால் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், தம்பியும் கூட இருந்தான். காலை ஒன்பது மணி வாக்கில் முதலில் வந்தது இரைச்சல்தான். நிமிர்ந்தால், கன்னங்கரேலென்று தண்ணீர், படகுகளை உருட்டிக்கொண்டு வருகிறது. தம்பி கையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். தண்ணீர் தூக்கிய வேகத்தில் கை நழுவிவிட்டது. வாயெல்லாம் சேறும் டீசலும். கருவேல முள்ளில் என் சடை சிக்கிக்கொண்டது. முடியும் புடவையும் அப்படி மாட்டித்தான் அன்று எத்தனையோ பெண்கள் போனார்கள். என்னை அந்தச் சடைதான் அடித்துப் போகாமல் நிறுத்தியது. தண்ணீர் வடிந்ததும் ஊர்ப் பெரியவர் ஒருவர் முடியை அறுத்து மீட்டார். என் முழங்கைத் தழும்பு அந்த முள் கிழித்ததுதான்.

தம்பி கிடைக்கவே இல்லை.

தாத்தா கடலுக்குப் போயிருந்தார். ஆழத்தில் அந்த அலை தெரியாது, கரையை நெருங்கும்போதுதான் எழும்பும். ஒன்றும் அறியாமல் மீனோடு திரும்பியவர், பாலத்தில் படகுகள் ஏறிக் கிடந்ததைப் பார்த்துத்தான் அலறினார்.

சுமத்ராவில் பூமி அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.29க்கு. கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம், பாப்பா! தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தே தப்பியிருப்பேன். ஒருவரும் சொல்லவில்லை. இன்றுவரை எனக்கு ஆறாதது அதுதான். 2007லிருந்து ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் இருக்கிறது. இருந்தாலும் தரை நெடுநேரம் ஆடினாலோ, கடல் திடீரென்று உள்வாங்கினாலோ, வீடியோ எடுத்துக்கொண்டு நிற்காதே. மேட்டுக்கோ மாடிக்கோ ஓடு. ஒரு அலை போனதும் இறங்கிவிடாதே, அடுத்தது வரும்.

அதற்காகக் கடலைக் கண்டு பயப்படாதே. நமக்குச் சோறு போட்டது அதுதான்.

டிசம்பர் 26 அன்று ஊரில் யாரும் தொழிலுக்குப் போகமாட்டார்கள். கரையில் பால் ஊற்றிப் பூப்போடுவார்கள். ஆயா வருஷா வருஷம் கூப்பிடுகிறார், எனக்குத்தான் கால் எழவில்லை. நீ கூட வந்தால் இந்த வருஷம் போகலாம் என்று இருக்கிறது. லீவு எப்போது? தேதி சொன்னால் அப்பா டிக்கெட் போட்டுவிடுவார்.

அன்புடன்,
அம்மா