இரண்டாம் மொழிப் பாடத்திட்டம் வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களுக்கு,

வணக்கம். நம் இலங்கையில் தரம் 6 முதல் சிங்களப் பிள்ளைகள் தமிழும் தமிழ்ப் பிள்ளைகள் சிங்களமும் படிக்கிறார்கள். சில வருடம் படித்த பிறகும் கடைக்குப் போய் ஒரு சாமான் கேட்கப் பலருக்கு வாய் வராது. பாடப்புத்தகத்தை மாற்றினால் மட்டும் இது தீராது.

ஹற்றன் கடைத்தெருவுக்குப் போய்ப் பாருங்கள். தோட்டத்துப் பெடியன்கள் வியாபாரத்திலும் பஸ்ஸிலுமே சிங்களம் பிடித்துக்கொண்டவர்கள். காலி நகரில் பல முஸ்லிம் வீடுகளுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் சிங்களம். அவர்களுக்குப் பேச ஆள் இருந்தது, தேவையும் இருந்தது. தெற்கே ஓர் ஒதுக்குப்புறக் கிராமத்துப் பிள்ளைக்கோ தமிழ் பேசும் ஒருவரையும் தெரியாது; மணி அடித்தால் தமிழும் முடிந்தது.

யாழ்ப்பாணத்தில் சிக்கல் இன்னும் ஆழம். 1956இன் தனிச் சிங்களச் சட்டத்தால் உத்தியோகம் பறிபோன கதை பல வீடுகளில் இன்றும் பேசப்படுகிறது. போருக்குள் வளர்ந்த தலைமுறை சிங்களத்தை அதிகம் கேட்டது சோதனைச்சாவடியில்தான். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வரும் பிள்ளையிடம் வினைச்சொல் அட்டவணையை நீட்டிவிட்டு, "ஆர்வமில்லை" என்று அறிக்கை எழுதுவது நியாயமா?

1950களின் இறுதியில் கனடாவின் மொன்றியலில் பிரெஞ்சு படித்த, ஆங்கிலம் பேசும் மாணவர்களை கார்ட்னர், லாம்பர்ட் என்ற இரு உளவியலாளர்கள் ஆராய்ந்தார்கள். மொழித்திறமை ஒருபுறமிருக்க, அந்த மொழிக்காரரோடு பழகவேண்டும் என்ற நாட்டமும் தேர்ச்சியோடு சேர்ந்தே இருந்ததைக் கண்டார்கள். நாம் நாட்டத்தை விட்டுவிட்டுப் பரீட்சையைப் பிடித்துக்கொண்டோம்.

அரச உத்தியோகத்தர் விடயமும் இதே கதைதான். 2007 ஜூலை 1க்குப் பின் சேர்ந்தவர்கள் ஐந்து வருடத்துக்குள் மற்ற மொழியில் தேர்ச்சி பெறவேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. பலர் சித்தியடைந்தார்கள். சான்றிதழ் கோவைக்குள் போனது. கருமபீடத்தில் நிற்கும் மட்டக்களப்பு ஆச்சி பேசுவது மட்டும் விளங்கவில்லை. விளங்காதுதான்! உத்தியோகத்தர் படித்தது எழுத்துத் தமிழ். சிங்களத்திலும் எழுத்துக்கும் பேச்சுக்கும் அதே இடைவெளி உண்டு.

ஆகவே பேச்சுமொழிக்கே முதலிடம் கொடுங்கள், புள்ளியிலும்தான். நல்லிணக்க தினம் என்று ஒரு நாள் பாற்சோறு கொடுத்துப் படம் பிடிப்பதை நிறுத்தி, இரண்டு பாடசாலைகளை வருடம் முழுவதும் இணைத்துவிடுங்கள்: ஒரே கிரிக்கெட் அணி, ஒரே நாடகம், விடுமுறையில் ஒருவர் வீட்டில் மற்றவர் தங்கல். பெற்றோர் முதலில் தயங்குவார்கள். அவர்களையும் கூப்பிட்டுப் பேசவேண்டியது உங்கள் வேலை.

இன்னொன்று. இரு மொழியும் சரளமாகப் பேசும் மலையக இளைஞர்கள் எத்தனையோ பேர் வேலை தேடிக் கொழும்புக் கடைகளில் நிற்கிறார்கள். பட்டம் இல்லையென்று அவர்களை ஒதுக்காமல், சம்பளத்தோடு வகுப்புகளுக்குத் துணையாசிரியராக எடுங்கள். அடுத்த பாடத்திட்டக் கூட்டத்துக்கும் அவர்களில் நாலு பேரைக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
இரண்டாம் மொழி கற்பிக்கும் ஓர் ஆசிரியை