முன்பக்கத்தை மட்டும் படித்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அழகுக் குறிப்பில், ‘பிரிசர்வேட்டிவ் (கெடாமல் காக்கச் சேர்க்கும் பொருள்) இல்லை என்று போட்டிருக்கும் கிரீமாகப் பார்த்து வாங்குங்கள்’ என்று எழுதியிருந்தார்கள். கொழிஞ்சாம்பாறையில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் எனக்கு அதில் உடன்பாடில்லை.

அப்படிப் போட்ட டியூபைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில், சேர்த்த பொருள்களின் பட்டியலில் கடைசியை ஒட்டி ‘கேப்ரிலைல் கிளைக்கால்’ என்று பொடி எழுத்தில் இருக்கும். ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்த்தவற்றைத்தான் அதிகமானது முதலில் வரும்படி அளவு வாரியாக எழுத வேண்டும் என்பது நம் நாட்டின் 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதி. கேப்ரிலைல் கிளைக்காலை அதற்கும் குறைவாகவே சேர்ப்பது வழக்கம் என்பதால் வால் பகுதியில் கிடக்கிறது.

இது தோலில் ஈரத்தைப் பிடித்து வைத்து மிருதுவாக்கும். கூடவே, பாக்டீரியா, பூஞ்சைகளின் செல் சவ்வைக் குலைத்து, அவை பெருகுவதையும் ஓரளவு தடுக்கும். தனியாக விட்டால் பெரும்பாலும் அதன் வலு போதாது. ஃபீனாக்ஸி எத்தனாலோடு சேர்த்தால், அந்தப் பிரிசர்வேட்டிவைக் குறைவாகப் போட்டாலே வேலை நடக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் பிரிசர்வேட்டிவ் பட்டியலில் கேப்ரிலைல் கிளைக்கால் கிடையாது. மிருதுவாக்கும் பொருள் என்ற கணக்கில் உள்ளே வந்து, காவல் வேலையையும் பார்க்கிறது. முன்பக்கத்தில் ‘பிரிசர்வேட்டிவ் இல்லை’ என்று போடுவதற்கு இதுதான் தைரியம்.

அதைக் கெட்ட பொருள் என்று சொல்லவில்லை. அபூர்வமாகச் சிலருக்கு அலர்ஜி வந்ததுண்டு. முழங்கையின் உட்புறம் தடவிப் பார்த்துக்கொண்டால் நல்லது. ‘தேங்காயிலிருந்து எடுத்தது’ என்ற விளம்பரத்துக்கும் மயங்க வேண்டாம். தேங்காய் எண்ணெயிலுள்ள கேப்ரிலிக் அமிலத்திலிருந்தும் செய்கிறார்கள், பெட்ரோலியத்திலிருந்தும் செய்கிறார்கள்; கிடைக்கும் பொருள் ஒன்றுதான். (தென்னந்தோப்புகளுக்கு நடுவே வாழும் எங்களிடமே இப்படி விற்கிறார்கள்!)

என் கவலை வேறு. “அக்கா, கெமிக்கலே போடாத கிரீம் இருக்குங்களா?” என்று கேட்டு வரும் பிள்ளைகள், இல்லையென்றால் யாரோ வீட்டில் அடித்து பாட்டிலில் அடைத்த கற்றாழை ஜெல்லை வாங்கிப்போய் முகத்தில் பூசுகிறார்கள். செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயில் தண்ணீர் கிடையாது, கிருமி பெருக வழியில்லை. கற்றாழைச் சாறோ முக்கால்வாசிக்கும் மேல் தண்ணீர். காப்பதற்கு எதுவும் சேர்க்காவிட்டால் சீக்கிரமே பூஞ்சை பிடிக்கும். கண்ணுக்குத் தெரியும் முன்பே கிருமி பெருகியிருக்கும். பரு உள்ள முகத்துக்கும் கண்ணோரத்துக்கும் அது ஆபத்து.

உங்கள் இதழ் எல்லைக்கு இந்தப் பக்கமும் நிறையப் பேர் படிப்பது. தமிழும் மலையாளமும் சரளமாகப் படிக்கிற பலருக்கு லேபிளின் ஆங்கிலம் பிடிபடுவதில்லை. அடிக்கடி வரும் பத்துப் பொருள்களின் பெயரையும், எது எதற்காகச் சேர்க்கிறார்கள் என்பதையும் ஒரு பக்கத்தில் தமிழில் போடுங்கள். கடைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்